மழைக்காலத்தில் கிருக சுத்தம்



தமிழ்நாட்டில் ஓராண்டில் பெய்யும் மழையில் ஏறக்குறையப் பாதி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகின்றது. கடற்கரையோர ஜில்லாக்களில் இப்பங்கு இன்னும் அதிகம். குடியானவர் வானத்தைப் பார்த்துக் காத்திருந்த மழை இதுவேயாகும். ஆயினும் வயல் விரும்புவதும் வீடு விரும்புவதும் ஒன்றல்ல. வயலில் ஜலம் நிற்க வேண்டும். வீட்டில் அது நிற்கலாகாது. காவேரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்த குடியானவருக்கு மடை திறக்கவும் அடைக்கவும் தெரியும். வரப்பை எந்த இடத்தில் வெட்டினால் எத்தனை நாழிகையில் எவ்வளவு ஜலம் வடியும் என்று கண்ணளவாலேயே சொல்லத் தெரியும். அத்தகைய திறமை வாய்ந்தவர், தமது கொல்லைப்புறத்தில் ஒரு மாதமாகத் தேங்கி நாறும் குட்டையைக் கண்டும் காணாதவர்போல் தாண்டிச் செல்வது வியப்புக்குரியது. வயலில் உபயோகிக்கும் புத்தியில் நாலில் ஒரு பங்கை வீட்டைச் சுற்றி உபயோகித்தால், மழைக்கால வியாதிகளில் பல வீட்டு வாசலை மிதிக்கமாட்டா.

சுத்தம் என்றவுடன் கழுவுதலும் மெழுகுதலுமே பெரும்பாலார் நினைவுக்கு வருகின்றன. கோடையில் அந்த அபிப்பிராயம் சரியே. அப்போது வீட்டின் பகை புழுதி. ஒரு குடம் ஜலத்தைக் கொட்டிக் கழுவினால் புழுதி போய்விடும், தரையும் அரை நாழிகையில் உலர்ந்துவிடும். மழைக்காலத்திலோ வீட்டின் பகை ஈரம். கழுவிய தரை மாலை வரை காய்வதில்லை. காயாத தரையில் மிதித்த கால்சேறு மறுபடியும் வீடெங்கும் பரவுகின்றது. அதைக் கண்டு வீட்டுக்கார அம்மாள் மீண்டும் ஒரு குடம் ஜலத்தைக் கொட்டுகிறார். இவ்வாறு நாள் முழுவதும் உழைத்தும் வீடு சுத்தமாவதில்லை. அந்த அம்மாளின் உழைப்பில் குறை யாதும் இல்லை. ஜலத்தை வெளியே அனுப்ப வேண்டிய காலத்தில் அதை உள்ளே கொண்டுவருவதே குறை. மழைக்காலத்தில் குறைவாகக் கழுவி, அதிகமாகத் துடைத்து, எப்படியாவது உலர்த்துவதே முறை.

இதற்குரிய வேலை மழை பிறந்தபின் தொடங்குவதன்று. புரட்டாசியிலேயே தொடங்க வேண்டும். முதலாவது கூரை. கீற்றுக் கூரையானால் முகட்டில்தான் முதலில் நைந்து போகும். அங்கே புதுக் கீற்று வைத்துக் கட்டினால் கூரை முழுவதையும் பிரிக்காமலே ஒரு வருஷம் தள்ளலாம். ஓட்டு வீடானால் பூனையும் குரங்கும் நகர்த்திய ஓடுகளைச் சரிப்படுத்தி, உடைந்தவற்றை மாற்ற வேண்டும். தளம் போட்ட வீட்டில், ஜலம் வடிய வைத்த குழாயின் வாயில் வேப்பஞ்சருகும் காக்கைக் கூட்டுக் குச்சியும் அடைத்துக்கொண்டிருக்கும். காங்கிரீட்டுத் தளம் ஒழுகாது என்று நம்பி அதன்மேல் ஏறிப் பாராதவர்கள் அநேகர். அந்தக் குழாய் அடைபட்டால் தளத்தின்மேல் ஜலம் குளம்போல் நின்று, நுண்ணிய வெடிப்புகளின் வழியே இறங்கி, உள்ளே சுவரில் கறையாகத் தோன்றும். பின்பு எத்தனை முறை சுவரைத் துடைத்தாலும் பயனில்லை.

இரண்டாவது இறவாரம். கூரையிலிருந்து வழியும் மழைத்தாரை தரையில் விழும் இடத்தில் நாளடைவில் பள்ளம் விழுந்துவிடும். அப்பள்ளத்திலிருந்து தெறிக்கும் சேற்றுத் துளியே சுவரின் அடிப்பாகத்தை முழங்கால் உயரம் வரையில் நனைக்கின்றது. மண்சுவராயின் அடி கரைந்து போகும். செங்கற்சுவராயின் ஈரம் மேலேறிச் சுண்ணாம்புப் பூச்சு பொரிந்து உதிரும். இதைத் தடுக்கப் பெருஞ் செலவு வேண்டியதில்லை. உடைந்த ஓடுகளையும் செங்கல் ஜல்லியையும் இறவாரத்தின் நேர்கீழே ஒரு முழ அகலத்துக்குப் பரப்பினால் துளி தெறிப்பது அடங்கிவிடும். சுவரோரத்தில் மண்ணைக் கொட்டி, வெளிப்பக்கம் தாழும்படி சாய்வாக இடித்துவிட்டால், விழுந்த ஜலம் சுவரை நாடாமல் அப்பாற் போகும். வீட்டு வாசலில் தோன்றும் மழைக்கால அசுத்தத்தில் பெரும்பகுதி இந்த ஒரு முழ இடத்திலிருந்தே உள்ளே வருகின்றது.

முற்றம் உள்ள பழைய வீடுகளில் ஜலதாரை என்னும் வாய்க்கால் ஒன்று சுவருக்கடியில் வெளியே செல்லும். அதன் உள்வாயில் இலை தங்காதபடி ஒரு கம்பிவலை வைக்க வேண்டும். அவ்வலை இலையைத் தடுப்பதோடு எலியையும் தடுக்கும். எலியைத் தேடி வரும் பாம்பையும் தடுக்கும்.

தரையைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூற வேண்டியிருக்கின்றது. இக்காலத்தில் சிமெண்டுத் தரைகள் பெருகிவிட்டபோதிலும், மண்தரை வீடுகளும், சாணமிட்டு மெழுகும் வாசல்களும், தொழுவத்தை ஒட்டிய தாழ்வாரங்களும் கிராமங்களில் இன்னும் உள்ளன. சாணத்தால் மெழுகுவது மண்தரையின் புழுதியை அடக்கி, மேல்மண்ணைப் பற்றவைக்கும். இது உண்மையான பயன். ஆனால் சாணம் கிருமிகளைக் கொல்லும் என்று சிலர் கூறுவது சரியன்று. ஏனெனில், இசிவு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துக்கள் மாட்டுச் சாணத்திலும் குதிரைச் சாணத்திலும் மண்ணிலும் இருக்கக்கூடியவை. அவை கொப்பூழ்க்கொடி வழியாகப் பச்சைக் குழந்தைக்கும், காலிற் பட்ட காயத்தின் வழியாகப் பெரியவர்களுக்கும் புகுந்து உயிரை வாங்கவல்லவை. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போடும் வழக்கம் பரவியதன் பின் குழந்தைகளின் இசிவு நோய் மிகவும் குறைந்துவிட்டது. ஆயினும் பிள்ளை பெற்றவள் படுக்கும் அறையை மழைநாளில் சாணமிட்டு மெழுகி ஈரமாக வைப்பது எவ்வாற்றானும் தகாது. மற்ற இடங்களை மெழுக வேண்டுமானால், வெயில் எட்டிப் பார்க்கும் நாளாகப் பார்த்து, ஜலம் குறைத்துக் கெட்டியாகக் கரைத்து, முற்பகலில் மெழுக வேண்டும். மழை விடாமல் பெய்யும் நாளில் மெழுகாமல் விடுவதால் தோஷம் எதுவும் இல்லை. ஈரச்சாணத்தில் ஈ முட்டையிடுவதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சிமெண்டுத் தரையை முதலில் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கி, நன்றாகப் பிழிந்த துணியால் ஒரு முறையும், உலர்ந்த துணியால் மறுமுறையும் துடைத்தால் போதுமானது. வாளி வாளியாகக் கொட்டிக் கழுவுவதை வெயில் நாளுக்கு ஒதுக்கிவிடலாம். எல்லாவற்றிலும் சிறந்த உபாயம் சேற்றை வாசலுக்கு வெளியே நிறுத்துவது. திண்ணைக்குக் கீழே ஒரு பட்டைக் கல்லும், ஒரு தொட்டி ஜலமும், ஒரு செம்பும் வைத்திருந்தால், வெளியே போய் வருவோர் காலைக் கழுவிக்கொண்டு ஏறுவர். வெளியிற் சென்று வந்தவர் கால் கழுவாமல் உள்ளே வரலாகாது என்னும் பழைய ஆசாரம் மழைக்காலத்துக்கென்றே ஏற்பட்டதுபோல் அவ்வளவு பொருத்தமாயிருக்கின்றது. அந்தத் தொட்டிக்கு மூடி இருக்க வேண்டும். காரணம் பின்னர் வரும். கால் துடைக்க வாசலில் போடும் சாக்கு ஒன்றாக இருந்தால் அதுவே நனைந்து, நாறி, அசுத்தத்தின் இருப்பிடமாகிவிடும். இரண்டு சாக்குகள் வேண்டும். ஒன்று கிடக்க, மற்றொன்று அடுப்பங்கரையோரம் காய வேண்டும்.

துணிகளை உலர்த்துவது தாய்மார்களுக்குப் பெருந் தொல்லை. வீட்டின் நடுவே கொடி கட்டி, படுக்கும் பாய்க்கு நேர்மேலே ஈரத்துணிகளைத் தொங்கவிடுவது வழக்கமாயிருக்கின்றது. பிழிந்த துணியிலுள்ள ஜலம் எங்கே போகும்? அறையின் காற்றில் கலந்து, குளிர்ந்த சுவரில் படிந்து, சில நாட்களில் கரும்பொட்டுப் பொட்டாகப் பூஞ்சணம் பிடிக்கச் செய்யும். பூஞ்சணத்தின் நுண்பொடி மூச்சில் கலந்தால் இழைப்பு நோயுள்ளவர்களுக்கு இரவெல்லாம் மூச்சுத் திணறல் உண்டாகும். குழந்தைகளின் இருமலும் நீடிக்கும். கொடியைத் தாழ்வாரத்திலோ திண்ணையிலோ காற்றோடும் இடத்தில் கட்டுதல் நலம். வேறு வழியின்றி உள்ளே கட்டினால் எதிரெதிரான இரண்டு ஜன்னல்களையாவது திறந்து வைக்க வேண்டும். சாரல் வருமென்று ஜன்னல்களை மூன்று மாதம் அடைத்தே வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அவ்வீடுகளில் நுழைந்தவுடனே ஒரு புழுங்கல் நாற்றம் முகத்தில் அடிக்கும். மழை விட்ட ஒவ்வொரு வேளையிலும் அரை மணி நேரம் ஜன்னல் திறப்பது மருந்து வாங்குவதைவிட மலிவு.

கோரைப் பாயைச் சுருட்டிக் கீழே கிடத்தாமல் நிறுத்தி வைக்க வேண்டும். மெத்தை தலையணைகளைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வைப்பதும், பெட்டிகளைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கற்களின்மேல் ஏற்றி வைப்பதும் சிறிய வேலைகள். ஆனால் பட்டுப் புடைவையையும் நிலப் பத்திரத்தையும் பூஞ்சணத்திடமிருந்தும் கரையானிடமிருந்தும் காப்பவை இவையே.

சுண்ணாம்பைப் பற்றி ஒரு வார்த்தை. பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது தமிழர் வழக்கம். அழகிய வழக்கமே, ஆனால் அப்போது மழை முடிந்துவிடுகின்றது. சுண்ணாம்பின் காரம் பூஞ்சணம் வளர்வதைத் தடுக்கும் இயல்புடையது. ஆகையால் சமையலறையிலும் படுக்கையறையிலுமாவது, சுவரின் கீழ்ப்பாதிக்கு மாத்திரம், புரட்டாசியில் ஒரு முறை புதுச்சுண்ணாம்பு அடித்துவிட்டால் மழைக்காலம் முழுவதும் அதன் பலன் கிடைக்கும். பொங்கலுக்கு மறுபடியும் அடிக்க யாரும் தடை சொல்லப் போவதில்லை.

இனிச் சமையலறை. விறகோ வறட்டியோ எரிக்கும் வீடுகளில் அவற்றை மழைக்கு முன்பே பரண்மேல் ஏற்றிவிட வேண்டும். ஈரவிறகின் புகை கண்ணையும் மார்பையும் கெடுப்பதோடு, சுவரெல்லாம் பிசுக்குப் படியச் செய்து, சுத்தம் செய்யும் வேலையையும் இரட்டிப்பாக்குகின்றது. எரிவாயு அடுப்பு உள்ள வீடுகளில் இத்தொல்லை இல்லை. தானியங்களையும் பருப்பையும் வெயில் உள்ள நாளில் காயவைத்து, ஆறியபின் மூடிபோட்ட பாத்திரத்தில் கொட்ட வேண்டும். சூட்டோடு கொட்டி மூடினால் உள்ளேயே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். நிலக்கடலையில் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சணம் ஈரலைக் கெடுக்கும் கொடிய விஷத்தை உண்டாக்குவது. வறுத்தாலும் அவ்விஷம் முற்றும் நீங்குவதில்லை. பூஞ்சணம் பிடித்த கடலையை மனிதர் உண்பதும், வீணாகிறதேயென்று மாட்டுக்கு வைப்பதும் ஆபத்து.

குடிஜலத்தின் விஷயம் எல்லாவற்றிலும் முக்கியமானது. மழை பெய்யும்போது தெருவில் உள்ளது யாவும் பள்ளத்தை நோக்கிப் போகும். பள்ளத்தில் கிணறோ குளமோ இருந்தால் அங்கே போய்ச் சேரும். 1884-ம் வருஷத்தில் ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய வைத்தியர் கல்கத்தாவில் வாந்திபேதியை ஆராய்ந்தபோது, அவ்வியாதியின் கிருமியை நோயாளிகளின் குடலில் மாத்திரமன்றி, ஜனங்கள் குளித்தும் துவைத்தும் குடித்தும் வந்த ஒரு குளத்தின் ஜலத்திலும் கண்டார். கிணற்றுக்குச் சுற்றுச்சுவரும், சுற்றிலும் வெளிப்புறம் சாய்ந்த சிமெண்டு மேடையும் இருக்க வேண்டும். எருக்குழி, தொழுவம், கக்கூஸ் ஆகியவை கிணற்றுக்கு 50 அடிக்குக் குறையாமல் அப்பால் இருப்பது அவசியம்.

மழையால் கிணறு கலங்கிவிட்டால் சலவைத்தூள் போட்டுச் சுத்தம் செய்யலாம். அளவு அறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, ஜலத்தின் ஆழத்தால் பெருக்கி, 785-ஆல் பெருக்கினால் எத்தனை லிட்டர் என்று தெரியும். இரண்டு மீட்டர் விட்டமும் மூன்று மீட்டர் ஆழ ஜலமும் உள்ள கிணற்றில் 9,420 லிட்டர் இருக்கும். வீரியம் குறையாத சலவைத்தூள் 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம், இக்கிணற்றுக்குச் சுமார் 24 கிராம் போதும். கலங்கல் மிகுந்தால் அளவு கூடும்; அதைச் சுகாதார ஆய்வாளர் சோதித்துச் சொல்வார். தூளை அப்படியே கிணற்றில் கொட்டலாகாது. ஒரு வாளியில் குழைத்து, ஜலம் விட்டுக் கலக்கி, பத்து நிமிஷம் தெளியவைத்து, மேல் தெளிவை மாத்திரம் வேறொரு வாளியில் ஊற்றிக் கிணற்றில் இறக்கி மேலும் கீழும் ஆட்டிக் கலக்க வேண்டும். அடியிலுள்ள சுண்ணாம்பு மண்டியை அப்பால் எறிந்துவிட வேண்டும். இரவில் செய்தால் காலையில் ஜலம் எடுக்கத் தடையிராது. இதைச் செய்யும் வசதியில்லாத வீட்டில், துணியால் வடிகட்டிக் கொதிக்க வைத்து, நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிஷமாவது விட்டு, மூடி ஆறவைத்துக் குடிப்பதே வழி. கொதிக்கவைத்த ஜலத்தில் கையை விட்டு மொள்ளுவது கொதிக்கவைத்ததை வீணாக்குவதாகும்; நீண்ட காம்புள்ள அகப்பை ஒன்றைப் பானையோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டின் உட்புறம் இவ்வாறு சுத்தமாயிருந்தும், கொல்லையில் கொசு பிறந்தால் அவ்வளவும் வீணே. 1883-ம் வருஷத்தில் ரொனால்ட் ராஸ் என்னும் இராணுவ வைத்தியர் பெங்களூரில் தம் வீட்டு ஜன்னலண்டை இருந்த ஒரு தொட்டியில் கொசுப்புழுக்கள் நெளிவதைக் கண்டு, அத்தொட்டியைக் கவிழ்த்துவிட்டார். வீட்டில் கொசு குறைந்தது. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 1897 ஆகஸ்டு 20-ந் தேதி, சிகந்தராபாத்தில் அவரே மலேரியாவின் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்றார். கண்டுபிடிப்பதற்கு நுண்ணோக்கி வேண்டியிருந்தது. தொட்டியைக் கவிழ்ப்பதற்கு இரண்டு கைகளே போதுமாயிருந்தன.

கொசுக்களில் பல ஜாதிகள் உண்டு. அவற்றின் வாசஸ்தலமும் வெவ்வேறு. யானைக்கால் வியாதியைப் பரப்பும் கொசு சாக்கடை போன்ற அசுத்த ஜலத்தில் வளர்வது. டெங்குக் காய்ச்சலையும் சிக்குன்குன்யாவையும் பரப்பும் கொசுவோ சுத்தமான ஜலத்தை நாடுவது, கால்களில் வெள்ளைக் கோடுகள் உடையது, பகலிற் கடிப்பது. சிக்குன்குன்யா 1964-ல் சென்னையிலும், 2006-ல் தமிழ்நாட்டின் பல பாகங்களிலும் பரவி, ஜனங்களை மாதக்கணக்கில் மூட்டுவலியால் முடக்கியது. இந்தக் கொசு குளத்திலும் வயலிலும் வளர்வதில்லை. வீட்டைச் சுற்றிலுமுள்ள சிறு பாத்திரங்களிலேயே வளர்கின்றது. மின்சார இயந்திரம் வந்தபின் கொல்லையில் தள்ளப்பட்ட ஆட்டுக்கல்லின் குழி, உரலின் குழி, இளநீர்க் கூடு, கொட்டாங்கச்சி, பழைய டயர், உடைந்த குடம், பூந்தொட்டியின் அடித்தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, மூடியில்லாத மேல்நிலைத் தொட்டி ஆகிய இவற்றில் ஒரு கையளவு மழைஜலம் ஒரு வாரம் நின்றாற் போதும். பாட்டி அரைத்த ஆட்டுக்கல்லை எறிய மனமில்லாதவர்கள் அதைக் கவிழ்த்து வைக்கலாம், அல்லது குழியில் மணலை நிரப்பி வைக்கலாம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இக்கொசு தன் முட்டைகளை ஜலத்தின்மேல் மிதக்கவிடுவதில்லை. ஜலமட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிவைக்கின்றது. ஜலத்தைக் கொட்டிவிட்டாலும் முட்டைகள் மாதக்கணக்கில் உலர்ந்தபடியே உயிரோடிருந்து, மறுபடி ஜலம் பட்டவுடன் பொரிக்கும். ஆகவே கொட்டினால் மாத்திரம் போதாது. தேங்காய் நாரால் உட்புறத்தை அழுத்தித் தேய்த்துக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். கால் கழுவும் தொட்டிக்கு மூடி வேண்டுமென்று மேலே கூறியதன் காரணமும் இதுவே. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் ஆவதால், வாரத்துக்கு ஒரு நாளைக் குறித்துக்கொண்டு கொல்லையைச் சுற்றி வந்தாற் போதுமானது. வெள்ளிக்கிழமை வீடு மெழுகும் வழக்கம் உள்ள குடும்பங்களில் அன்றே இதையும் சேர்த்துக்கொண்டால் மறதி ஏற்படாது.

எலியும் பாம்பும் மழையால் வளையை விட்டு மேட்டை நாடி வருகின்றன. மேடாக இருப்பது வீடுதான். விறகுக் குவியலும் செங்கல் குவியலும் சுவரோடு சேர்ந்திருந்தால் அவை குடியேற இடம் தயாராகிவிடும். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையிற் படுத்துறங்குவோரைத் தூக்கத்திலேயே தீண்டிவிடும். கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் அநேகமாக இரா; விடியற்காலம் வயிற்றுவலியோடு எழுந்து, கண்ணிமை தொங்கி, பேச்சுக் குழறும்போதுதான் வீட்டார் திகைப்பர். மழைமாதங்களில் கட்டிலில் படுத்து, கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கடியில் செருகிக்கொள்வது கொசுவோடு இதற்கும் காப்பு. கடி என்ற சந்தேகம் வந்தால் மந்திரிப்பவரைத் தேடி நேரம் போக்காமல், விஷமுறிவு மருந்துள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும்.

புயலும் வெள்ளமும் வந்து வீட்டுக்குள்ளேயே ஜலம் புகுந்துவிட்டால் முறை வேறு. 2015 டிசம்பரில் சென்னையிலும் கடலூர்ப் பக்கத்திலும், 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் வேதாரணியத்தருகே கரை கடந்தபோது கீழைத் தஞ்சைப் பகுதியிலும் ஜனங்கள் பட்ட பாடு மறக்கக்கூடியதன்று. வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் நுழையுமுன் மின்சார இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். ஜலத்தில் நின்றபடி சுவிட்சைத் தொடலாகாது. பிறகு, சலவைத்தூளை எடுத்து வந்து சேற்றின்மேலேயே தூவுவது பலரும் செய்யும் பிழை. சேறும் சருகும் அத்தூளின் வீரியத்தைத் தின்றுவிடும். கிருமி அப்படியே இருக்கும். முதலில் மண்வெட்டியால் சேற்றை வாரி வெளியேற்றி, சோப்பு ஜலத்தால் தேய்த்துக் கழுவி, அதன்பிறகே சலவைத்தூள் கரைசலைத் தெளித்துச் சிறிது நேரம் விட்டுத் துடைக்க வேண்டும். கக்கூஸ் கழுவும் திராவகத்தோடு சலவைத்தூளைக் கலந்தால் மூச்சை அடைக்கும் விஷவாயு எழும். இரண்டையும் ஒருபோதும் சேர்க்கலாகாது. எலியின் மூத்திரம் கலந்த சேற்றின் வழியே எலிக்காய்ச்சல் பரவுவதால், காலில் புண்ணுள்ளவர்கள் இவ்வேலையில் இறங்காமலிருப்பதும், மற்றவர்கள் முழங்கால் வரையுள்ள ரப்பர் ஜோடு அணிவதும் நல்லது.

மேலே சொல்லியவற்றைக் கூர்ந்து நோக்கினால் ஒரு விஷயம் புலப்படும். கூரை, இறவாரம், ஜலதாரை, கிணற்று மேடை, எருக்குழி, வடிகால் ஆகியவற்றில் பெரும்பாலானவை ஆடவர் செய்யவேண்டிய வேலைகள். அவற்றைச் செய்யாமல் விட்டுவிட்டு, வீட்டுக்குள் வந்த ஈரத்தைத் துடைக்கும் பொறுப்பைப் பெண்கள்மேல் சுமத்தி, வீடு அசுத்தமாயிருக்கிறதென்று அவர்களையே கடிந்துகொள்வது எவ்வகையிலும் நியாயமாகாது. புரட்டாசியில் ஆடவர் இரண்டு நாள் உழைத்தால், அதன்பின் மூன்று மாதம் பெண்களின் முதுகு வளைவது பாதியாகக் குறையும்.

ஒரு வீட்டார் மாத்திரம் செய்து முடிக்கமுடியாததும் ஒன்றுண்டு. மேட்டுத் தெருவிலிருந்து வடியும் ஜலம் பள்ளத்துத் தெருவில் போய் நிற்கின்றது. அநேக கிராமங்களில் அந்தப் பள்ளத்துத் தெருவில் வசிப்பவர்கள் நிலமில்லாத ஏழைக் கூலிக்காரர்களே. மேட்டுத் தெரு வீடுகள் அலம்பிவிட்டதுபோல் துலங்க, அவற்றின் கழிவுஜலம் அவ்வேழைகளின் வாசலில் கணுக்கால் ஆழத்துக்குத் தேங்கி, அங்கே குழந்தைகள் காய்ச்சலில் படுக்கின்றன. அங்கே பிறந்த கொசு மேட்டுத் தெருவுக்குப் பறந்து வர வெகுநேரம் ஆவதில்லை. 1939-ம் வருஷத்திய சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் தன் வீட்டிலும் மனையிலும் கொசு உற்பத்தியாகும்படி ஜலம் தேங்க விடுவதைக் குற்றமாகக் கருதியது. ஆனால் அவ்வளவு தூரம் போகாமலே ஊரார் ஒன்றுகூடிச் செய்யக்கூடிய வேலைதான் இது.

கழிவுஜலத்துக்கு உறிஞ்சுகுழி வெட்டலாம். நீளம், அகலம், ஆழம் மும்மூன்றடியாக வெட்டி, அடியில் பெருங்கல்லும் மேலே செங்கல் உடைப்பும் நிரப்பினால் ஒரு வீட்டுச் சமையலறை ஜலத்தை அது ஏற்கும். இது மணற்பாங்கான ஊர்களுக்குத் தக்கது. காவேரிக் கழிமுகத்துக் களிமண்ணில், நிலத்தடி ஜலம் மேலேறி நிற்கும் கார்த்திகை மாதத்தில், அக்குழி தானே நிரம்பி வழியும். அவ்விடங்களில் கழிவுஜலத்தைச் சிறு வாய்க்கால் வழியாகக் கொல்லையிலுள்ள வாழை, சேம்பு, கல்வாழை இவற்றின் பாத்திக்குத் திருப்பி, மிகுதியை ஊர் வடிகாலில் சேர்ப்பதே ஏற்றது. அந்த ஊர் வடிகாலைப் புரட்டாசிக் கடைசியில் தூர் எடுக்க வேண்டும். பெரும்பாலும் மேட்டுத் தெருவில் வெட்டத் தொடங்கி, பாதி வழியில் மழை வந்ததும் நிறுத்திவிடுகின்றனர். அதனால் வரும் ஜலம் பள்ளத்துத் தெருவில் முன்னிலும் அதிகமாகத் தேங்குகின்றது. வெட்டத் தொடங்க வேண்டிய இடம் வடிகால் போய் ஆற்றிலோ வாய்க்காலிலோ விழும் கடைக்கோடி. அங்கிருந்து, வழியிலுள்ள மதகுகளின் வாயில் அடைத்த வைக்கோலையும் பிளாஸ்டிக் பைகளையும் எடுத்துக்கொண்டு, பள்ளத்துத் தெருவை முதலில் வடியவிட்டு, அதன்பிறகு மேட்டை நோக்கி வர வேண்டும்.